கத்தியிலிருந்து இரண்டு ஊசிக்கு

"முன்னாடியெல்லாம் தாடையில டக்கு டக்குனு சத்தம் வரும் டாக்டர். இப்ப சத்தம் நின்னுடுச்சு, வாயும் திறக்கல." புதுச்சேரி கோரிமேட்டுப் பல் ஆஸ்பத்திரியில் படித்த காலத்தில் இதைக் கேட்டாலே எங்களுக்குப் பாதி புரிந்துவிடும். காதுக்கு முன்னாலுள்ள தாடை மூட்டில், இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு வட்டு இருக்கிறது. அது நழுவி நழுவித் திரும்பும்போதுதான் சத்தம். நழுவிய இடத்திலேயே நின்றுவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும்.

1887இல் எடின்பரோவின் தாமஸ் அனன்டேல் மூட்டைத் திறந்து, நழுவிய வட்டை இழுத்துத் தைத்தார். அதன்பின் நெடுங்காலம், வட்டை இடத்தில் வைப்பதோ எடுத்துவிடுவதோதான் அறுவை மருத்துவர்களின் வழியாக இருந்தது. ஆனால் மூட்டைத் திறக்கும் வழியில்தான் முகத்தை அசைக்கும் நரம்பு போகிறது. அதில் கத்தி பட்டால் புருவம் தூக்க முடியாது. 1980களில் அமெரிக்காவில், வட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தகட்டை வைத்தார்கள். அது தேய்ந்து, துகள்கள் பக்கத்து எலும்பையே அரித்தன. பலருக்கு மூட்டே போனது. 1990இல் அந்தத் தகடு திரும்பப் பெறப்பட்டது.

அதற்கு முன்பே ஜப்பானில் மசாதோஷி ஓனிஷி, 1.7 மி.மீ. குழாய்க் கேமராவைத் தாடை மூட்டுக்குள் விட்டுப் பார்த்து 1975இல் எழுதியிருந்தார். ஆர்த்ரோஸ்கோப்பி எனப்படும் இந்த முறையின்போது மூட்டைத் திரவத்தால் கழுவுவார்கள். வட்டு நழுவிய இடத்திலேயே இருந்தும் நோயாளிக்கு வாய் திறந்தது! அப்படியானால் கழுவினாலே போதுமா? 1991இல் டோரிட் நிட்ஸான், டால்விக், மார்ட்டினெஸ் ஆகிய மருத்துவர்கள் கேமரா இல்லாமல், இரண்டு ஊசியால் மட்டும் கழுவிக் காட்டினார்கள்.

கோரிமேட்டில் எங்கள் பல் மருத்துவக் கல்லூரி 1990இல் பிறந்தது. இந்த இரண்டு ஊசி முறைக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது.

செய்முறை எளிது. கண்ணின் வெளிமுனையிலிருந்து காதின் முன்மேடு வரை மையால் ஒரு கோடு. காதிலிருந்து 10 மி.மீ. முன்னே, கோட்டுக்கு 2 மி.மீ. கீழே முதல் புள்ளி. இன்னும் 10 மி.மீ. முன்னே, கோட்டுக்கு 10 மி.மீ. கீழே அடுத்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு ஊசி வழியே ரிங்கர் லாக்டேட்டைச் செலுத்தினால், மற்றதன் வழியே சொட்டுச் சொட்டாக வெளியேறும். வார்டில் கையில் ஏற்றும் அதே பாட்டில்தான். வீக்கத்தை உண்டாக்கும் பொருள்கள் கழுவப்பட, ஒட்டிக்கிடந்த வட்டு விடுபடும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

ஆர்த்ரோஸ்கோப்பியில் மூட்டை நேரில் பார்க்கலாம், ஒட்டுதல்களை வெட்டலாம். சில ஒப்பீட்டு ஆய்வுகளில் அது சற்று முந்தியும் நிற்கிறது. ஆனால் அதற்குப் பொதுவாக முழு மயக்கம் வேண்டும், விலையுயர்ந்த கருவி வேண்டும். கழுவிய பின் ஹையலூரோனிக் அமிலமோ பிளாஸ்மாவோ செலுத்துவதும் உண்டு; அதன் கூடுதல் பலன் எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி தெரியவில்லை.

எனவே என் வரிசை இது: முதலில் மெல்லிய உணவு, தாடைப் பயிற்சி, பல்லுக்கு மேல் போடும் ஸ்பிளின்ட். பலருக்கு இதிலேயே சரியாகும். பிறகு இரண்டு ஊசி. அதன்பின் கேமரா. சிறுவயதில் விழுந்து மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போன பிள்ளைகளுக்குக் கத்தியைத் தவிர வழியில்லை. மற்றவர்களுக்குக் கத்தியைக் கடைசியில் வைப்பதுதான், தகட்டால் மூட்டை இழந்தவர்கள் நமக்குக் கற்றுத்தந்த மருத்துவம்.