தேர்வுக்கு முந்தைய தேர்வு: குடிமைப் பணியும் நம் பயிற்சி வரலாறும்



நினைவுச் சொற்பொழிவு நாளை நாம் கணக்குப் பார்க்கும் நாளாகவே கொள்கிறோம். முன்னோர் தொடங்கிவைத்த வேலை இன்று எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் நம் விடுதி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. குடிமைப் பணித் தேர்வுக்கு எந்தப் பயிற்சி மையத்தில் சேர்வது, எந்த மாதிரித் தேர்வுக்குப் பணம் கட்டுவது? கடையில் பொருள் வாங்கும் கேள்வி போலத் தோன்றுகிறது. ஆனால் இதற்குப் பின்னே 130 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு விடை சொல்வதே நமக்குப் பயன்படும்.

1. ஒரு மனுவும் அதன் நியாயமும்

1893 ஜூன் மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. லண்டனில் மட்டும் நடந்துவந்த ஐ.சி.எஸ். தேர்வை ஒரே நேரத்தில் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். காங்கிரஸ் இதைத் தொடர்ந்து கேட்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இரட்டைமலை சீனிவாசன் முன்னெடுத்த கூட்டம் சென்னை வெஸ்லி மிஷன் கல்லூரியில் கூடி அதை எதிர்த்தது. 3,412 பேர் கையொப்பமிட்ட மனு லண்டனுக்குப் போனது. தேர்வு இங்கே நடந்தால் ஆங்கிலக் கல்வியை ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் சாதிகளே அதிகாரம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும், நம் மக்கள் மீதான கொடுமை பெருகும் என்பது அவர்கள் வாதம்.

இதை வெள்ளைக்கார விசுவாசம் என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஓர் ஆட்சியரின் பேனாவுக்கு என்ன வலிமை உண்டு என்பது நம் மக்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பேனா எழுதியதைக் கிராம அளவில் கர்ணமும் மணியமும் எப்படிச் செல்லாக்காசாக்குவார்கள் என்பதும் தெரிந்திருந்தது. 'கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்கு முந்தைய இருபது ஆண்டு வாழ்க்கை எல்லோருக்கும் ஒன்றா?' அந்த மனுவுக்குள் இருந்த கேள்வியை நாம் இப்படித்தான் வாசிக்கிறோம்.

1922 முதல் தேர்வு இந்தியாவிலும் நடந்தது. கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

2. சிதம்பரம் சொன்ன விடை

அந்தக் கேள்விக்கு அன்றைய தென்னாற்காடு மாவட்டம் கொடுத்த விடைகளில் ஒன்று நந்தனார் பள்ளி. ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் அதைத் தொடங்கினார். எந்தக் கோயிலின் வாசலில் நந்தனார் தடுக்கப்பட்டதாகக் கதை சொல்கிறதோ, அந்த ஊரிலேயே அவர் பெயரில் பள்ளி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இந்த ஊருக்கு வந்தது 1929இல். அதற்குப் பதிமூன்று ஆண்டுகள் முன்பே சேரிப் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளி இருந்தது, விடுதியும் சேர்ந்து வளர்ந்தது.

விடுதியை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டின் பிள்ளைக்கு உட்காரும் இடமும் வேளாவேளைக்குச் சோறும் இரவில் விளக்கும் கிடைத்தால்தான் படிப்பு தொடங்கும். பயிற்சி என்பதன் முதல் பொருள் இதுதான். மற்ற வீடுகளில் இது கேட்காமலே கிடைத்துவிடுவதால் அதை யாரும் பயிற்சி என்று அழைப்பதில்லை.

சகஜானந்தர் பள்ளியில் செய்ததை அம்பேத்கர் அரசாணையில் செய்தார். 1942 அக்டோபரில் வைஸ்ராய் லின்லித்கோவிடம் அவர் கொடுத்த மனுவில், நம் மக்களுக்கு நல்ல சட்டத்தைவிட நல்ல நிர்வாகம் முக்கியம் என்று வாதிட்டார். சட்டத்தை நடத்துகிறவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் பலன் இருக்கும் என்பது அவர் கருத்து. 1943 ஆகஸ்டில் வந்த ஆணை மத்தியப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8⅓ விழுக்காடு ஒதுக்கியது. அதோடு வயது வரம்பைத் தளர்த்தியது, தேர்வுக் கட்டணத்தையும் குறைத்தது. ஒதுக்கீடு 1946இல் 12½ விழுக்காடாகவும் 1970இல் 15 விழுக்காடாகவும் உயர்ந்தது.

விழுக்காட்டைப் பற்றியே பேசும் நாம் வயதையும் கட்டணத்தையும் மறந்துவிடுகிறோம். இன்று யு.பி.எஸ்.சி. தேர்வில் பட்டியல் சாதியினருக்குக் கட்டணம் இல்லை. பொதுப் பிரிவுக்கு 32 வயது என்றால் நமக்கு 37. அந்த வயதுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். தயாராவதற்கு நமக்குக் கூடுதல் காலம் தேவைப்படும், அதற்குக் காரணம் நாம் அல்ல என்று அரசு கொடுத்த ஒப்புதல் இது.

3. பயிற்சிக்குள் நுழையவும் ஒரு தேர்வு

காலத்தை மட்டும் கொடுத்தால் போதாது என்பதும் உணரப்பட்டது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான தேர்வு முன்பயிற்சி மையம் 1950களின் இறுதியில் அலகாபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் 1966 முதல் சென்னையில் இயங்கிவருகிறது. காட்டுமன்னார்கோயில் மண்ணின் எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைந்து 1969இல் அறிக்கை கொடுத்த குழுவின் பெயரிலேயே தீண்டாமை, பொருளாதாரம், கல்வி மூன்றும் சேர்ந்திருந்தன. 1979இல் முதல்நிலைத் தேர்வு வந்தது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதும் வாய்ப்பும் அப்போதுதான் கிடைத்தது.

பயிற்சி என்பது அரசின் கடமை என்று ஏற்கப்பட்ட காலம் அது. இன்றும் அந்தக் கடமை முற்றிலும் கைவிடப்படவில்லை. சென்னை மையத்தில் உணவு, தங்குமிடத்தோடு பயிற்சி கிடைக்கிறது. 2023இல் 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு மாதம் ரூ.7,500 வீதம் பத்து மாதம் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்குக் கட்டணமில்லா வகுப்பும் மாதிரித் தேர்வும் நடக்கின்றன.

ஆனால் சென்னை மையத்துக்கும் உதவித்தொகைக்கும் நுழைவுத் தேர்வு இருக்கிறது. பயிற்சி இல்லாததால் பயிற்சி கேட்கிறவர் அதற்கே ஒரு தேர்வில் வென்று வர வேண்டும். அங்கே நின்றுபோகிறவர்களைத்தான் சந்தை வாரிக்கொள்கிறது. டெல்லியில் ஓராண்டுக் கட்டணம் லட்சத்தைத் தாண்டுகிறது. அறை வாடகையும் சாப்பாடும் தனி. 1943 ஆணை தேர்வுக் கூடத்தின் வாசலில் குறைத்த கட்டணம், அந்த வாசலுக்குப் போகும் வழியில் பல மடங்காக வசூலாகிறது.

4. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

இனி மாணவர்களின் கேள்விக்கு வருவோம்.

முதலில் விளம்பரம். முதல் நூறு இடங்களில் இத்தனை பேர் எங்கள் மாணவர்கள் என்று படம் போடுவார்கள். அந்த வெற்றியாளர் அங்கே முழு வகுப்பு படித்தாரா, கடைசியில் மாதிரி நேர்காணலுக்கு மட்டும் வந்தாரா என்பதே நாம் கேட்க வேண்டியது. இந்த விவரத்தை மறைத்ததற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல மையங்களுக்கு அபராதம் விதித்திருக்கிறது. வெற்றி பெற்றவர் எந்த வகுப்பில் படித்தார் என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளும் வந்துவிட்டன. கேட்பதற்குத் தயங்க வேண்டாம், கேட்பது நம் உரிமை.

இரண்டாவது, மொழி. யு.பி.எஸ்.சி. முதல்நிலைக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆகவே தமிழ்வழி மாணவருக்கு இரண்டு தேவைகள் உண்டு: ஆங்கிலக் கேள்வியைப் பிழையில்லாமல் புரிந்துகொள்ளும் பயிற்சி, தமிழில் எழுதிய விடையைத் திருத்தித் தரும் ஆள். 'தமிழ் விடைத்தாளை யார் திருத்துவார்? எத்தனை நாளில் திரும்பி வரும்? மதிப்பெண் மட்டும் போடுவாரா, ஓரத்தில் குறிப்பும் எழுதுவாரா?' இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத இடத்தில் முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டக் கூடாது.

மூன்றாவது, மாதிரித் தேர்வு. அதன் வேலை நமக்கு மதிப்பெண் போடுவதோடு முடிவதில்லை. நாம் எப்படித் தவறுகிறோம் என்று அது காட்டித்தர வேண்டும். முதல்நிலை பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஒருவர் 90 கேள்விக்கு விடையளித்து 60 சரி, 30 தவறு என்றால் 120இல் 20 கழிந்து 100. இன்னொருவர் 75க்கு மட்டும் விடையளித்து 58 சரி, 17 தவறு என்றால் 116இல் சுமார் 11 கழிந்து ஏறக்குறைய 105. குறைவாகச் சரி செய்தவர் முன்னே நிற்கிறார். எதை விட்டுவிடுவது என்ற இந்த அறிவு புத்தகத்தில் வராது, கடிகாரத்தை வைத்துத் திரும்பத்திரும்ப எழுதினால்தான் வரும். திறனறித் தாள் 2011இல் வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. 2015 முதல் அதில் 33 விழுக்காடு எடுத்தால் போதும். போதும் என்பதாலேயே அதை அலட்சியம் செய்து, பொது அறிவில் நல்ல மதிப்பெண் இருந்தும் வெளியேறுகிறவர்கள் உண்டு.

இந்தப் பழக்கத்துக்கு முதல் முதலீடு பணம் அல்ல. யு.பி.எஸ்.சி.யும் டி.என்.பி.எஸ்.சி.யும் பழைய கேள்வித்தாள்களைத் தங்கள் இணையதளங்களிலேயே வைத்திருக்கின்றன. பணம் கட்டி வாங்கும் எந்தத் தொகுப்பையும்விட அசல் கேள்வித்தாளே நல்ல ஆசிரியர். அதை எழுதிப் பார்த்துத் தன் குறை எந்தப் பாடத்தில் என்று தெரிந்த பிறகு, அந்தக் குறைக்கு மட்டும் பயிற்சி தேடலாம்.

5. நாம் செய்ய வேண்டியது

தனி ஆளாகத் தேர்ந்தெடுப்பதோடு நம் வேலை முடியவில்லை. 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றப்பட்ட நம் விடுதிகளில் ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு நடத்த ஒரு கூடமும் ஒரு கடிகாரமும் போதும். முன்பு எழுதியவர்களும் பணியில் இருக்கும் நம் அலுவலர்களும் மாதம் பத்து விடைத்தாளாவது திருத்தித் தர முடியும். விடைத்தாளில் எழுதும் ஒரு குறிப்பு மேடையில் தரும் ஆயிரம் வாழ்த்துக்குச் சமம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் ஒரு மாணவி கடலூருக்கு வந்துபோனால் நாள் முழுவதும் பேருந்திலேயே போய்விடுகிறது. சிதம்பரத்தில் தங்குமிடத்தோடு, நுழைவுத் தேர்வு இல்லாத, தமிழ் விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களைக் கொண்ட பயிற்சி மையம் வேண்டும். அரசுப் பல்கலைக்கழகமும் நூலகமும் உள்ள ஊரில் இது பெரிய கோரிக்கை ஆகாது.

ஒருவர் ஆட்சியராகிவிட்டால் சேரி விடுதலை பெற்றுவிடும் என்று நாம் நம்பவில்லை. ஆனால் பட்டா மாறுதலும் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கையும் ஏதோ ஒரு அலுவலகத்தில் யாரோ ஒருவர் கையால்தான் எழுதப்படுகின்றன. அந்தக் கைகளில் நம் கைகளும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் 1916இல் இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. அதில் சேர யாரும் நுழைவுக் கட்டணம் கேட்கவில்லை. பயிற்சியை உரிமை என்று கேட்கும் துணிவை நாம் அங்கிருந்துதான் பெறுகிறோம்.