நிலம் நடுங்கிய நகரிலே

நியூசிலாந்து என்றதும் ஆட்டு மந்தையும் பால்மாவும் நம் நினைவுக்கு வரும். நேயர்களே, அந்நாட்டின் தென்தீவில் உள்ள கிரைஸ்ட்சர்ச் நகரத்தையும் அதையொட்டிய கடற்கரையையும் இன்று நாம் சுற்றி வருவோம். 2011-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் நொறுங்கி, இன்னும் முழுதாய் எழுந்து முடியாத நகரம் அது.

முதலில் லிட்டல்டன் துறைமுகத்தில் இறங்குவோம். 1850 டிசம்பரில் இங்கிலாந்துக் குடியேறிகள் இறங்கிய இடமும் இதுவே. எதிரே செங்குத்தான குன்றுகள். மூட்டை முடிச்சுகளோடு அவற்றில் ஏறி மறுபுறம் பார்த்தால், புல்லும் சதுப்புமாய் ஒரு சமவெளி. ஏவன், ஹீத்கோட் என்று வளைந்து வளைந்து ஓடும் இரண்டு ஆறுகள். வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, அந்த ஈர நிலத்தின்மேல் நகரத்தைக் கட்டினார்கள். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் வேண்டியிருக்கும்.

2010 செப்டம்பர் 4, விடியற்காலை 4.35 மணி. நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் 7.1 அளவில் பூமி அதிர்ந்தது. ஊர் உறக்கத்தில் இருந்தது. தெருக்கள் காலியாய் இருந்தன. இடிபாடுகளில் சிக்கி ஒருவரும் மடியவில்லை. தப்பித்தோம் என்று மக்கள் மூச்சு விட்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து, 2011 பிப்ரவரி 22, பகல் 12.51. இம்முறை அளவு 6.2 தான். ஆனால் அது நகரத்தின் காலடியிலேயே, லிட்டல்டனுக்கு அருகில், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழத்தில் எழுந்தது. அதுவும் மதிய உணவு வேளை. 185 பேர் மாண்டார்கள். எண் சிறிதானால் சேதமும் சிறிதாகும் என்று எண்ணிவிடக் கூடாது. எவ்வளவு அருகில், எவ்வளவு மேலே, எந்த நேரத்தில் என்பவையும் கணக்கில் உண்டு.

மாண்டவர்களில் 115 பேர் ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். அதில் ஓர் ஆங்கில மொழிப் பள்ளி நடந்து வந்தது. ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகளும் தாதியரும் அங்கே இருந்தார்கள். அக்கட்டடத்தின் வரைபடமே விதிக்குப் பொருந்தாதது, அனுமதி கொடுத்திருக்கவே கூடாது என்று அரச விசாரணை ஆணையம் 2012-இல் கூறியது. கடல் கடந்து பிள்ளையைப் படிக்க அனுப்பிய பெற்றோருக்கு அந்தத் தீர்ப்பு என்ன ஆறுதல் தரும்?

லிட்டல்டனிலிருந்து சம்னர் கடற்கரைக்குக் குன்றைச் சுற்றி ஒரு சாலை போகிறது. பாறைகள் சரிந்து மூடிய அச்சாலை 2019 மார்ச்சில்தான் மீண்டும் திறந்தது. சம்னர் பக்கத்தில் செங்குத்துப் பாறைகள் இடிந்து விழுந்தன. விளிம்பிலிருந்த வீடுகள் அந்தரத்தில் தொங்கின. கல் உருண்டு வண்டிகள்மேல் விழாதபடி, கப்பல் சரக்குப் பெட்டிகளைச் சாலையோரத்தில் அடுக்கிச் சுவராக்கினார்கள். கழிமுகத்தில் நெடிது நின்ற ரபனூயி என்ற பாறையும் உடைந்து குட்டையாகிவிட்டது.

நகரத்தின் நடுவிலும் சரக்குப் பெட்டிகள் கைகொடுத்தன. 2011 அக்டோபரில் அவற்றையே கடைகளாக்கி வாணிகத்தைத் தொடங்கினார்கள். கோபுரம் சாய்ந்த பழைய கல் தேவாலயத்துக்குப் பதிலாக, ஷிகேரு பான் என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடித்த காகிதக் குழாய்களைக் கொண்டு ஒரு தேவாலயம் அமைத்தார். அது 2013-இல் திறக்கப்பட்டது. பழையதைப் புதுப்பிக்கும் வேலையோ 2024-இல் பணம் போதாமல் நிறுத்தப்பட்டது. புதிய நூலகம் 2018-இல் எழுந்தது.

இனி ஏவன் ஆற்றங்கரைக்குப் போவோம். பிள்ளைகளே, ஒரு வாளியில் ஈர மணலை நிரப்பி, மேலே ஒரு கல்லை வைத்து, வாளியின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருங்கள். நீர் மேலே வரும், மணல் கூழாகும், கல் உள்ளே இறங்கும். ஆற்றங்கரைத் தெருக்களில் நடந்தது அதுதான். வடித்த நீர் மண்ணுக்கடியில்தான் இருந்தது. சாம்பல் நிறச் சேறு வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் பொங்கி வழிந்தது. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் மண்வெட்டியோடு வந்து அள்ளிக் கொட்டினார்கள்.

சேற்றை அள்ளிவிடலாம், தாழ்ந்துபோன நிலத்தை என்ன செய்வது? இனி இங்கே குடியிருக்க இயலாது என்று அரசாங்கம் முடிவு செய்தது. ஏறத்தாழ 8,000 வீடுகள் சிவப்பு வட்டாரத்துக்குள் வந்தன. சுவரில் கீறல் மட்டுமே கண்டவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. 2007-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி விலை கொடுத்தார்கள். காப்புறுதி இல்லாதவர்களுக்கோ நிலத்தின் மதிப்பில் பாதிதான் என்றார்கள். அவர்கள் வழக்காடினார்கள். அம்முடிவு முறையாக எடுக்கப்பட்டதன்று என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. தோட்டம் கைமாறி, லயத்தை விட்டு இறங்கிய குடும்பங்களுக்கு இந்த வழக்கின் கனம் விளங்கும்.

இன்று அங்கே பெரும்பாலும் வீடுகள் இல்லை; ஆற்றோரமாய் 600 ஹெக்டருக்கு மேற்பட்ட பசும்புல் வெளி. வேலியும் கதவும் போய்விட்டன. ஆனால் அந்தந்த வீட்டார் நட்ட ஆப்பிளும் பிளம்மும் வெட்டப்படாமல் பல இடங்களில் நிற்கின்றன. பழக்காலத்தில் ஊர் மக்கள் கூடையோடு வந்து பறித்துப் போகிறார்கள்.