தரவுத்தள வடிவமைப்பும் தேர்வுத்தாளும்

தரவுத்தளத்தை வடிவமைப்பது தனித் தேர்வு வைத்துச் சோதிக்கத்தக்க திறமை என்ற எண்ணம், கணினித் தொழில் தோன்றி நெடுநாள் கழித்தே உருவானது. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய ஐடிஎஸ், அதே பத்தாண்டின் பிற்பகுதியில் ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ் ஆகியவற்றில், ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குச் செல்லும் வழியை நிரலாளரே அறிந்திருக்க வேண்டியிருந்தது. தரவு எவ்வாறு கோக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் அதைக் கேட்டுப் பெற முடியாத அந்நிலையில், வடிவமைப்பு அறிவையும் குறிப்பிட்ட மென்பொருளைப் பற்றிய அறிவையும் பிரிக்க வழியில்லை.

அவ்வழியைத் திறந்தவர், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இங்கிலாந்துக்காரரான எட்கர் காட். 1969இல் நிறுவனத்தின் உள்ளறிக்கையாகவும் 1970 ஜூனில் ஏசிஎம் என்னும் கணினியாளர் சங்கத்தின் இதழில் கட்டுரையாகவும் வெளிவந்த அவரது உறவுநிலை மாதிரி, தரவு முழுவதையும் அட்டவணைகளாகக் கருதி, அது எங்கே எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்ற கவலையைப் பயனரிடமிருந்து அகற்றியது. அட்டவணைகளை எவ்வாறு பிரித்தமைத்தால் ஒரே செய்தி பல இடங்களில் திரும்ப வராது என்பதை ஆராயும் இயல்பாக்கம் என்ற முறையையும் அவரே தொடங்கிவைத்தார்.

ஒரு மொத்த வணிகர் ஆணை எண், பொருள் எண், பொருளின் பெயர், எண்ணிக்கை, வாடிக்கையாளர் எண், வாடிக்கையாளரின் ஊர் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் எழுதிவைத்தால், ஆணை எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்தே ஒரு வரியை இனங்காட்டும். அச்சேர்க்கைக்குத் திறவுகோல் என்று பெயர். ஆனால் பொருளின் பெயரை அறியப் பொருள் எண் மட்டுமே போதும், ஊரை அறிய வாடிக்கையாளர் எண்ணே போதும். ஒன்று தெரிந்தால் மற்றொன்று உறுதியாகிவிடும் இப்பிணைப்பைச் சார்புடைமை என்பர். வாடிக்கையாளர் ஊர் மாறும்போது அவருடைய வரிகள் அனைத்தையும் திருத்த வேண்டும், ஒன்று விடுபட்டாலும் அட்டவணை தன்னோடு தானே முரண்படும். திறவுகோலின் ஒரு பகுதியை மட்டும் சார்ந்த பொருட்பெயர் போன்றவற்றைத் தனி அட்டவணைக்கு மாற்றுவது இரண்டாம் இயல்பு வடிவம். ஆணை வாடிக்கையாளரையும், வாடிக்கையாளர் ஊரையும் தீர்மானிக்கும் சங்கிலியை அறுப்பது மூன்றாம் இயல்பு வடிவம். இவற்றைவிடக் கண்டிப்பான வடிவத்தை 1974இல் ரேமண்ட் பாய்ஸுடன் சேர்ந்து காட் வகுத்தார். நான்காம் வடிவத்தை 1977இல் ரொனால்ட் ஃபாகின் வகுத்தார். இவை எல்லாவற்றையும் கணினியே இல்லாமல் தாளில் போட்டுத் தீர்த்துவிடலாம் என்பதே, தேர்வுக்கு இவை ஏற்றவையானதன் காரணம்.

எனினும் மென்பொருள் விற்கும் நிறுவனங்களே தேர்வு வைத்து வழங்கி, 1990களில் பரவிய சான்றிதழ்கள் இந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. எஸ்க்யூஎல் சர்வர் 7.0 என்ற தன் தரவுத்தள மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் நடத்திய தேர்வின் பெயரில் வடிவமைப்பு என்ற சொல் முதலில் நின்றாலும், அதே பெயரில் பதிப்பு எண்ணும் இருந்தது. ஆரக்கிள் நிறுவனத்தின் சான்றிதழ் பெற்றவர்கள், புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதற்கெனத் தனியாக அமைந்த மேம்பாட்டுத் தேர்வை எழுத வேண்டியிருந்தது. காட் பிரித்துவைத்ததை வணிகம் மறுபடியும் ஒட்டவைத்தது என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு மாறான பாதையில் சென்றது ஜப்பான். காட்டின் உள்ளறிக்கை வெளியான அதே 1969இல் அங்கே அரசு தொடங்கிய தகவல் செயலாக்கப் பொறியாளர் தேர்வு முறையில், 1990களில் தரவுத்தள வல்லுநருக்கெனத் தனித் தேர்வு சேர்ந்தது. எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் சாராத இத்தேர்வு, 2001இல் பெயர் மாறி 2009இல் பழைய பெயருக்கே திரும்பியது. முற்பகலில் இரண்டும் பிற்பகலில் இரண்டுமாக நெடுங்காலம் நடந்துவந்த நான்கு பகுதிகள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 பெற வேண்டும். முந்தைய பகுதியில் தவறியவரின் அடுத்த பகுதித் தாள் திருத்தப்படுவதே இல்லை. இறுதிப் பகுதிக்கு 120 நிமிடங்கள். ஒரு நிறுவனத்தின் கொள்முதலையோ சரக்கு அனுப்பும் முறையையோ பல பக்கங்களில் விவரிக்கும் வினாவைப் படித்து, அட்டவணைகளின் தொடர்பைக் காட்டும் குறைபட்ட வரைபடத்தையும் அட்டவணைப் பட்டியலையும் நிறைவுசெய்ய வேண்டும். திறவுகோலுக்கு முழுக்கோடும், வேறோர் அட்டவணையைச் சுட்டும் அயல் திறவுகோலுக்கு விட்டுவிட்டு வரும் கோடும் அடியில் இட வேண்டும். பண்புக்கூறு எனப்படும் ஒரே நெடுவரிசை இவ்விரண்டாகவும் இருந்தால் முழுக்கோடு மட்டுமே இட வேண்டும்.

ஆகவே இத்தேர்வுக்கான ஆயத்தம், அரசு வெளியிடும் பழைய வினாத்தாள்களை விடைகளோடு ஒப்பிட்டு மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பதாகவே அமைந்துள்ளது. பல பக்க விவரிப்பில் ஓரிடத்தில் வரும் ‘ஒரு கிடங்குக்கு ஒரே பொறுப்பாளர்’ என்பது போன்ற வாக்கியம் ஒரு சார்புடைமையை ஒளித்துவைத்திருக்கும் என்பதால், தேர்வு வடிவமைப்பைவிட வாசிப்பையே அதிகம் சோதிக்கிறது என்ற குறையும் உண்டு. வடிவமைப்பில் பாதி வாசிப்புதான் என்பதால் அக்குறையை அவ்வளவு பெரிதாகக் கொள்வதற்கில்லை. கவனிக்கத்தக்கது வேறொரு மாற்றம்: திறவுகோல்களைப் பட்டியலிட்டு இயல்பு வடிவத்தைக் காரணத்தோடு எழுதச் சொல்லும் வினாக்கள் ஒருகாலத்தில் பிற்பகல் தாளின் நிலையான கூறாக இருக்க, அண்மைக்காலத் தாள்களில் தரவைக் கேட்டுப் பெறும் மொழியான எஸ்க்யூஎல்லின் கட்டளைகளும் செயல்வேகக் கணக்கும் கூடுதல் இடம் பிடித்துவருகின்றன.