சித்த மருத்துவர்களின் உடல்நலப் பார்வை

சித்த மருத்துவம் தமிழ்நாட்டில் வேரூன்றிய மரபு மருத்துவ முறை. இதைச் செய்வோரில் பட்டம் பெற்ற மருத்துவர்களும் குடும்ப வழியில் கற்ற பரம்பரை வைத்தியர்களும் உள்ளனர். உடல்நலம் பற்றி இரு சாராரின் அடிப்படைக் கொள்கை ஒன்றே. ஆங்கில மருத்துவத்தை எந்த அளவுக்கு ஏற்பது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

நலமும் நோயும்

சித்தக் கொள்கையின்படி, ஐம்பூதங்களால் ஆன உடலை வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றங்கள் இயக்குகின்றன. நாடியில் இவை முறையே ஒன்று, அரை, கால் என்ற அளவில் நடந்தால் நலம். மிகுந்தாலும் குறைந்தாலும் நோய். திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ம் இக்கருத்தைக் கூறுகிறது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வால் நோய் கணிக்கப்படும். மருந்தோடு பத்தியமும் சிகிச்சையின் பகுதியே. நோய் வருமுன் காக்க, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்தும் உட்கொள்ளும் வழக்கம் சித்தர் தேரையர் பெயரிலான பாடலில் உள்ளது.

ஆங்கில மருத்துவம் பற்றிய கருத்துகள்

ஆங்கில மருந்து நோயின் குறியை அடக்குகிறது, வேரைத் தொடுவதில்லை என்பது வைத்தியர்களிடம் பரவலாகக் கேட்கும் குறை. விபத்து, மாரடைப்பு, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு ஆங்கில மருத்துவமே உரியது என்பதைப் பட்டம் பெற்றவர்கள் பொதுவாக ஏற்கின்றனர். மூட்டுவலி, தோல் நோய் போன்ற நாள்பட்ட நோய்களையே தம் களமாகக் கருதுகின்றனர்.

இந்த விவாதம் பழையது. சென்னை மாகாண அரசு 1921இல் அமைத்த உஸ்மான் குழு வைத்தியர்களின் கருத்துகளைத் திரட்டி, 1923இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாகச் சென்னையில் தொடங்கிய இந்திய மருத்துவப் பள்ளியில் இருவகை மருத்துவமும் கற்பிக்கப்பட்டன. ‘கலப்பு’ வேண்டுமா, ‘சுத்த’ சித்தம் வேண்டுமா என்ற கேள்வி அதன் பின்னும் நீடித்தது. பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், தாம்பரத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தன.

சான்றும் பாதுகாப்பும்

முக்குற்றக் கோட்பாட்டை நவீன உடலியல் ஏற்பதில்லை. பல சித்த மருந்துகளுக்குப் பெரிய அளவிலான மருத்துவ ஆய்வுகள் இல்லை. பாதரசம், பாஷாணம் (நச்சுத் தாதுக்கள்) சேர்ந்த பற்பம், செந்தூரம் என்னும் பொடி மருந்துகள் முறையாகச் செய்யப்படாவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

எந்த வைத்தியர் சொன்னாலும், இன்சுலினையோ காசநோய் மாத்திரையையோ அதைப் பரிந்துரைத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. இரு முறைகளையும் நாடுவோர், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் இரு மருத்துவர்களிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.