கூலன்ட் கசிவு (அம்பாசடர் பெட்ரோல் எஞ்சின்)

கூலன்ட் கசிவு என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம் அதன் மூடிய சுற்றிலிருந்து வெளியேறும் பழுது. இந்துஸ்தான் அம்பாசடரின் 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த வார்ப்பிரும்பு எஞ்சினாகும்.

வகைகள்: கசிவு புறக்கசிவு, அகக்கசிவு என இருவகைப்படும். ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் உறை, பிளாக்கின் பக்கவாட்டுக் கோர் பிளக் ஆகியவை புறக்கசிவின் இடங்கள். ஹெட் கேஸ்கட் சேதமும் ஹெட் விரிசலும் அகக்கசிவுக்குக் காரணங்கள்.

கண்டறிதல்: எஞ்சின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடி திறக்கப்படும். சூடாக இருக்கையில் திறந்தால் கொதிநீர் பீறிடும். கைப்பம்பு கொண்ட அழுத்தமானியைப் பொருத்தி, மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றப்படும். முள் இறங்கினால் கசிவு உறுதி. வாட்டர் பம்பின் அடித்துளையில் சொட்டு விழுந்தால் உள்சீல் தேய்ந்துள்ளது. வெளியே ஈரமின்றி நீர் குறைவதும், எஞ்சின் ஆயில் பால்நிறமாவதும், எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நீடிப்பதும் அகக்கசிவின் அறிகுறிகள்.

சீரமைப்பு: வெடித்த ஹோஸும் துருவேறிய கோர் பிளக்கும் மாற்றப்படும். பித்தளை ரேடியேட்டரின் ஓட்டை ஈயப்பற்றினால் அடைக்கப்படும். கேஸ்கட் மாற்றும்போது, ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்புச் சட்டம் வைத்து, ஃபீலர் கேஜால் வளைவு அளக்கப்படும். ஹெட் நட்டுகள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக, டார்க் ரெஞ்சால் முடுக்கப்படும்.

தடுப்பு: வெறும் நீர் வார்ப்பிரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். துருத்தடுப்பான் சேர்ந்த எத்திலீன் கிளைக்கால் கலவை இதைக் குறைக்கும். இக்கலவை நச்சுத்தன்மை உடையது.