வாவிக்கரையில் பழைய மோட்டார் வாகனங்கள்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. மக்கள் செறிந்து வாழ்வது முன்னதில், நெல் பெரிதும் விளைவது பின்னதில். ஆதலின் இப்பிரதேசத்தின் போக்குவரத்து வரலாறு நீரைக் கடந்த வரலாறாகவே அமைந்தது. 1924 இல் கல்லடியில் தேசாதிபதி மனிங்கின் துணைவியார் பெயரால் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. எனினும் பல துறைகளில் 'பாதை' என மக்கள் வழங்கும் மிதவையே நெடுங்காலம் பாலத்தின் பணியைச் செய்தது. மண்முனைத் துறைக்குப் பாலம் வாய்த்தது 2014 இலேதான். இத்தகைய ஒரு நிலத்தில் மோட்டார் வாகனம் எவ்வாறு வந்தது என்பதைவிட, வந்த வாகனம் எவ்வாறு நிலைத்தது என்பதே ஆராயத்தக்கது.

இரண்டாம் உலகப்போரின் பின் பிரித்தானியா தன் கடன்சுமையைத் தீர்க்க ஏற்றுமதியை முடுக்கிவிட்டது. 1947 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40, 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் முதலியன இலங்கைத் தெருக்களை நிறைத்தமை இதன் விளைவேயாகும். அக்கால வாகனங்களின் வயதை அவற்றின் இலக்கத் தகடே கூறிவிடும். ஆங்கில எழுத்துகளைத் தாங்கியவை முந்தியவை. சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைத் தாங்கியவை பிந்தியவை. 1957 இல் நடைமுறைக்கு வந்த அந்த ஓரெழுத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் தார் பூசிப் போராடியதும், அது நாட்டின் அரசியலில் ஏற்படுத்திய கொந்தளிப்பும் வேறொரு கட்டுரைக்குரியன. கார் ஒன்றின் தகட்டிலும் தேசத்தின் வரலாறு எழுதப்பட்டிருந்தது என்பதை மட்டும் ஈண்டுச் சுட்டலாம்.

1960 களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது புதிய கார் இறக்குமதி அருகியது. 1970 இற்கும் 1977 இற்கும் இடையில் அந்நிலை மேலும் இறுகியது. அதுவரை நுகர்பொருளாக இருந்த கார் அதன்பின் முதுசொம்மாக மாறிற்று. தந்தை ஓட்டியதை மகன் ஓட்டினான். ஓடாது நின்ற ஒன்றின் உறுப்புகள் ஓடுகின்ற இரண்டைக் காத்தன. கிடைக்காத உதிரிப்பாகம் கடைச்சற் பட்டறையிலே கடைந்தெடுக்கப்பட்டது. கடற்காற்றும் வாவிக்காற்றும் கூடி அரித்த அடித்தகடு வெட்டி நீக்கப்பட்டு, வேறு தகடு ஒட்டப்பட்டது. இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கற்பாலது. ஏ40 காரின் உடல் தனிச் சட்டகத்தின் மேல் அமர்ந்தது. மொறிஸ் மைனரிலோ உடலே சட்டகமாகும். முன்னதன் உடற்றகடு துருப்பிடிப்பின் அழகு கெடும். பின்னதன் தளம் துருப்பிடிப்பின் வலிமையே குன்றும். உப்பு நிலத்தில் மைனரைக் காப்பாற்றுவது சற்றுக் கடினமான தவமே.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட, யப்பானிய வாகனங்கள் பெருகின. பழைய பிரித்தானிய வண்டிகளின் காலம் முடிந்தது என்றே கருதப்பட்டது. ஆனால் போர் அவற்றுக்கு மறுவாழ்வளித்தது. 1990 களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் தடைப்பட்டபோது, ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியமை பலரும் அறிந்ததே. சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பிச் சூடேற்றி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அவ்வியந்திரத்தின் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்னும் அளவில் தாழ்ந்திருந்தமையே இதனைச் சாத்தியமாக்கியது. புகை மிகும், எண்ணெய் நீர்த்துப்போகும். ஆயினும் நோயாளி வைத்தியசாலையை அடைவார். உயர் அமுக்கமும் நுண்ணிய எரிபொருட் பீச்சலும் கொண்ட வண்டி இச்சோதனையிற் தோற்றுவிடும்.

வாவிக்கரையின் அனுபவம் இதனின்றும் வேறுபட்டது. நகரம் அரச கட்டுப்பாட்டிலும், படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. வாவியே எல்லையாயிற்று. எரிபொருளும் மின்கலமும் சோதனைச்சாவடியில் அளந்தும் மறித்தும் விடப்பட்ட காலத்தில், அக்கரை மக்களுக்குத் துவிச்சக்கரவண்டியும் மாட்டுவண்டியும் உழவு இயந்திரமுமே துணைநின்றன. பழைய மசி பேர்குசன் உழவு இயந்திரம் பகலில் உழுதது. பின் நெல் ஏற்றியது. வேண்டியபோது மக்களையும் ஏற்றியது. ஆகவே இப்பிரதேசத்தில் பழைய இயந்திரத்தைப் பேணுதல் செல்வர் சிலரின் பொழுதுபோக்கன்று, குடியானவரின் சீவனோபாயமே என்பது வெளிப்படை.

பழமையை இவ்வாறு போற்றுவோர் அதன் குறைகளை மறைத்தலாகாது. பழைய காரில் இருக்கைப் பட்டி இல்லை. தடுப்பு வலிமை குறைவு. எரிபொருட் செலவும் நச்சுப்புகையும் அதிகம். 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் நிறுத்தப்பட்டது மக்களின் உடல்நலத்துக்குப் பெரும் நன்மை. அதே மாற்றம், ஈயத்தின் காப்பை நம்பி வார்க்கப்பட்ட பழைய இயந்திரங்களின் வால்வு இருக்கைகளைத் தேயச்செய்யும் என்பதும் உண்மை. கடினமான உலோக வளையம் பொருத்தி அதற்கும் பரிகாரம் காணலாம். பாதுகாப்பையும் சிக்கனத்தையும் மட்டும் அளவுகோலாகக் கொண்டால் புதிய வாகனமே வெல்லும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

விவாதத்துக்குரியது பழுதுபார்க்கும் அறிவு எவர் கையில் உள்ளது என்பதே. ஏ40 இன் இயந்திரத்தைத் திறந்தவன் கண்ணாற் கண்டும் காதாற் கேட்டும் குறையை அறிந்தான். 2010 களில் இலங்கையிற் பெருகிய கலப்பு மின் கார்களிலோ குறையைச் சொல்வது கணினி. அக்கணினி பேசும் மொழியை நன்கறிந்தது உற்பத்தி நிறுவனம். உப்புநீர் புகுந்த பழைய இயந்திரத்தைக் கழற்றிக் கழுவி மீட்கலாம். உப்புநீர் புகுந்த மின்னணுப் பலகையைப் பெரும்பாலும் எறியவே வேண்டும். 2004 இல் ஆழிப்பேரலை கண்ட கரையில் இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய நிலை வேறு உருவில் திரும்பியது எனலாம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழிவிடப்பட்டபோதும், வரிச்சுமை புதிய காரைச் சாதாரண உத்தியோகத்தருக்கு எட்டாத கனியாகவே வைத்தது. இதனிடையே, 1990 களில் மொறிஸ் மைனரின் உடற்றகடுகள் இலங்கையிலே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கே அனுப்பப்பட்டன என்பதை நினைவுகூர்வது சுவையானது. கொடுத்தவனுக்கே திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு இந்நாட்டுக் கைவினை வளர்ந்திருந்தது.

அக்கைவினை பழைய வண்டிகளுடன் நின்றுவிடவுமில்லை. கலப்பு மின் காரின் மின்கலம் செயலிழந்தால் முழுவதையும் மாற்றுமாறு நிறுவனங்கள் கூறும். விலையோ இலட்சக்கணக்கில் அமையும். இலங்கையின் சிறு பட்டறைகளிலோ அப்பெட்டியைத் திறந்து, சிற்றறைகளை ஒவ்வொன்றாக அளந்து, கெட்டவற்றை மட்டும் நீக்கி, மற்றொரு வண்டியிலிருந்து கழற்றிய நல்லவற்றைப் பொருத்தும் வழக்கம் பரவியுள்ளது.