பட்டனுக்குள்ள ஒரு முருங்கைக்காய்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் தெரியும்ல? லாரி லாரியா கேரளாவுக்குக் காய் போற ஊர். அங்கே ஒரு கமிஷன் கடைக்கு பில் போடுற ப்ரோகிராம் எழுதுறோம்னு வெச்சுக்குவோம். காய்க்கு ஒரு பட்டன். ஒரு பட்டன்ல 'முருங்கைக்காய்'னு வரணும். அவ்வளவுதான். ஆனா இந்த 'அவ்வளவுதான்' நடக்கப் பல வருஷம் ஆச்சு.

1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் அவுஸ்டர்ஹவுட் டிசிஎல் என்ற சின்ன மொழியை உருவாக்கினார். 1991-ல் அதோட சேர்ந்து டிகே வந்தது. அதுவரை யூனிக்ஸ் கணினியில் ஒரு பட்டன் வைக்க, சி மொழியில் நிறைய எழுதணும். டிகேயில் ரெண்டே வரி: ஒண்ணு பட்டனை உருவாக்கும், இன்னொண்ணு அதைத் திரையில் வைக்கும். அகலம்கூட நாம சொல்ல வேண்டாம். உள்ளே இருக்கிற சொல்லை அளந்து பட்டனே தன் அளவை முடிவு செய்யும். இன்னைக்குப் பைதானோட வர்ற டிகின்டருக்கு அடியில் இருக்கிறதும் இதே டிகேதான்.

அதே 1991-ல்தான் யூனிகோடின் முதல் பதிப்பும் வந்தது. அதில் தமிழுக்கும் இடம் இருந்தது. 1999-ல் டிசிஎல் 8.1 யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அப்புறம் என்ன, வேலை முடிஞ்சதா?

இல்லை. முருங்கைக்காயில் வர்ற 'கை'யைப் பாருங்க. யூனிகோட் முதலில் 'க'வையும், அடுத்து ஐகாரக் குறியையும் சேமிக்கும். நம்ம கண்ணுக்கோ குறிதான் முன்னால வரணும். இந்த இடமாற்றத்தை யாராவது செய்யணும். விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவோடு தமிழ் வந்தது. அங்கே அந்த வேலையைச் சிஸ்டமே பார்த்துக்கிட்டது. லினக்ஸில் டிகே ரொம்ப நாள் எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கியது. ஐகாரக் குறி 'க'வைத் தாண்டிப் போய் நின்றது. 'மு', 'ரு' எல்லாம் உடைஞ்சது.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. தமிழ் உடைஞ்சா, ப்ரோகிராம் எழுதுறவர் சுலபமா ஆங்கிலத்துக்குத் தாவிடுவார். அப்புறம், தமிழ் நல்லாப் படிக்கத் தெரிஞ்ச கணக்குப்பிள்ளை, 'கம்ப்யூட்டர் தெரியாதவர்' ஆகிடுவார். குறை அவர்கிட்ட இல்லை, பட்டன்ல இருக்கு.

அதனால உங்க முதல் பட்டனை ஆங்கில 'ஹலோ' போட்டுச் சோதிக்காதீங்க. 'முருங்கைக்காய்' போடுங்க, 'கொத்தமல்லி' போடுங்க. அது சரியா வந்தா, மார்க்கெட்டுக்கே எடுத்துட்டுப் போகலாம்.